கடவுளுக்கும் கடினமான வேலை

உலகத்தைப் படைத்து முடித்த பிறகு கடவுள் என்ன செய்துகொண்டிருக்கிறார்? ஒரு ரோமானியச் சீமாட்டி இதை ஒரு யூத ரபியிடம் கேட்டாள். அவர் யோசே பென் ஹலாஃப்தா. 2-ஆம் நூற்றாண்டில் கலிலேயாவின் செப்போரிஸ் நகரத்தில் இருந்தவர். தோல் பதனிட்டுப் பிழைத்தார், வேதம் கற்பித்தார். ஆறு நாளில் உலகம் உண்டானது என்று அவர் சொன்னதும், அதற்கப்புறம் உங்கள் கடவுளுக்கு என்னதான் வேலை என்று மடக்கினாள். ரபி தயங்கவில்லை. உட்கார்ந்து கல்யாணம் பேசி முடிக்கிறார், இன்னார் மகள் இன்னாருக்கு என்று சேர்த்துவைக்கிறார் என்றார்.

இது ஒரு வேலையா என்றாள் சீமாட்டி. என் வீட்டில் எத்தனையோ அடிமைகள் இருக்கிறார்கள், ஒரு மணி நேரத்தில் அத்தனை பேருக்கும் ஜோடி சேர்த்துவிடுவேன் என்றாள். உனக்கு எளிதாகத் தோன்றலாம், கடவுளுக்கோ அது செங்கடலைப் பிளந்ததற்கு ஈடான பாடு என்று சொல்லிவிட்டு ரபி போய்விட்டார். அன்றிரவே அவள் 1000 ஆண் அடிமைகளையும் 1000 பெண் அடிமைகளையும் வரிசை வரிசையாக நிறுத்தினாள். இவனுக்கு இவள், அவனுக்கு அவள் என்று விரலை நீட்டிக்கொண்டே போனாள். ஒரே இரவில் கணக்கு முடிந்தது. விடிந்ததும் எல்லாரும் அவள் முன் வந்து நின்றார்கள். ஒருவருக்கு மண்டை உடைந்திருந்தது, ஒருவருக்குக் கண் போயிருந்தது, ஒருவருக்குக் கால் முறிந்திருந்தது. இவள் எனக்கு வேண்டாம் என்கிறான் ஒருவன், இவன் எனக்கு வேண்டாம் என்கிறாள் ஒருத்தி. சீமாட்டி ரபியை வரவழைத்து, உங்கள் வேதம் சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொண்டாள்.

ஆதியாகமத்துக்கு யூத அறிஞர்கள் எழுதிய பழைய விளக்கத் தொகுப்பான 'பெரெஷீத் ராபா'வில் இந்தக் கதை இருக்கிறது. தொகுப்பு உருவானது சுமார் 5-ஆம் நூற்றாண்டில். திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் நெடுங்காலம் மெய்யியல் கற்பித்த நான், விதியும் விருப்பமும் என்ற பாடத்தை இந்தக் கதையில்தான் தொடங்குவேன். பிள்ளைகள் வாய்விட்டுச் சிரிப்பார்கள். ஒரு வருடம் ஒரு பெண் எழுந்து, "அந்தம்மா அவங்களை ஒரு வார்த்தை கேட்டாங்களா மேடம்?" என்றாள். வேதியியல் படித்துக்கொண்டு, விருப்பப் பாடமாக என் வகுப்புக்கு வந்தவள். பாடப்புத்தகத்தில் இல்லாத அந்தக் கேள்விதான் கதையின் உயிர் என்று எனக்குப் பட்டது. இன்றும் அப்படித்தான் படுகிறது.

கேட்கவில்லை. கேட்க வேண்டிய கட்டாயமும் சீமாட்டிக்கு இல்லை. ரோமானியச் சட்டத்தில் அடிமைக்குத் திருமணம் என்பதே கிடையாது. எஜமானர் அனுமதித்தால் ஆணும் பெண்ணும் சேர்ந்து இருக்கலாம், அவ்வளவுதான். பிறக்கும் குழந்தை தாயின் எஜமானருக்குச் சொத்து. நாளைக்கே இருவரில் ஒருவரைச் சந்தையில் விற்றாலும் கேட்பாரில்லை. அப்படிப்பட்ட மனிதர்கள் எஜமானி முன் வந்து நின்று வேண்டாம் என்கிறார்கள். தன் உடம்பின்மீதே உரிமை இல்லாத ஒருத்தி, அடிபட்ட உடம்போடு, இவன் எனக்கு வேண்டாம் என்று வாய்திறந்து சொல்கிறாள். சிரிப்புக்குள் இவ்வளவு பெரிய காட்சி இருக்கிறது. ரபி எந்த நோக்கத்தோடு சொல்லியிருந்தாலும், சீமாட்டியைத் தோற்கடித்தது அந்த அடிமைகளின் மறுப்புத்தான்.

எல்லாம் வல்லவருக்கு எது கடினமாக இருக்க முடியும்? மலையைத் தூக்குவது கடினமில்லை. கடலைப் பிளப்பதும் ஒரு சொல்லில் முடிகிற காரியம். மறுக்கத் தெரிந்த ஓர் உயிரிடம், அதை உடைக்காமல் சம்மதம் பெறுவது ஒன்றுதான் வல்லமையால் ஆகாதது. இரண்டு உயிர்களிடம், ஒரே காலத்தில், ஒருவரையொருவர் குறித்துப் பெறுவது இன்னும் கடினம். கடவுளுக்குக் கல்யாணம் கடினம் என்று சொன்னவர்கள் மனித விருப்பத்துக்கு எவ்வளவு உயரமான ஆசனம் போட்டுவிட்டார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

'பெரெஷீத் ராபா'வின் இதே பகுதியில் வேறொரு குரலும் கேட்கிறது. கடவுள் ஆணையும் பெண்ணையும் அவர்கள் விருப்பத்துக்கு மாறாகவும் சேர்த்துவைக்கிறார் என்கிறது அது. நான் அதை ஏற்கவில்லை. அப்படியானால் கடவுளுக்கும் சீமாட்டிக்கும் வேறுபாடு பலத்தில் மட்டும்தான். கூடுதல் பலமுள்ள எஜமானரைக் கும்பிட எனக்கு மனம் வராது. கதையின் நிகழ்ச்சியும் அந்தக் குரலுக்கு எதிராகத்தான் சாட்சி சொல்கிறது.

யூதர்களின் சட்ட விவாதத் தொகுப்பான தால்மூதின் அறிஞர்கள், விதிக்கும் விருப்பத்துக்கும் இடையிலான இந்த முடிச்சை நன்றாக அறிந்திருந்தார்கள். கரு உருவாவதற்கு 40 நாள் முன்பே வானத்திலிருந்து ஒரு குரல் எழுந்து, இன்னார் மகள் இன்னாருக்கு என்று அறிவித்துவிடுகிறது என்பது அவர்கள் கொள்கைகளில் ஒன்று. இது முதல் திருமணத்துக்குத்தான், இரண்டாவது அவரவர் நடத்தைக்கு ஏற்ப அமைகிறது என்றும் ஒரு திருத்தம் உண்டு. இந்தக் கொள்கை அவர்களுடைய சட்ட நூலுக்குள் நுழையும்போதுதான் சுவையான சிக்கல் வருகிறது. பண்டிகையின் இடைநாட்களில் யூதர்கள் கல்யாணம் செய்யக்கூடாது. நிச்சயம் செய்துகொள்ளலாமா? செய்யலாம், இல்லாவிட்டால் வேறொருவன் முந்திக்கொள்வான் என்றார் பாபிலோனிய அறிஞர் சாமுவேல். உடனே எதிர்க்கேள்வி வந்தது. வானத்துக் குரல் முன்பே பெயர் சொல்லிவிட்டதென்று போதித்தவரும் இதே சாமுவேல்தானே, பிறகு எப்படி இன்னொருவன் முந்துவான்? வேண்டுதலால் முந்திவிடுவான் என்று விடை சொன்னார்கள்.

எத்தனை முறை படித்தாலும் இந்த விடை எனக்கு அலுப்பதில்லை. விதி எழுதப்பட்டிருக்கிறது, ஆனாலும் விரைந்து போ. கடவுள் தீர்மானித்துவிட்டார், ஆனாலும் பக்கத்துத் தெருக்காரன் உன்னைவிட உருக்கமாக வேண்டிக்கொண்டிருக்கலாம். இதை முரண்பாடு என்று தள்ளிவிட என்னால் முடியாது. மனிதர் உண்மையில் இப்படித்தான் வாழ்கிறோம். தலையெழுத்து என்று சொல்லிக்கொண்டேதான் வரன் தேடி வெயிலில் அலைகிறோம்.

ஆனால் வேண்டுதல் என்பதும் சரியான இடத்தில் நிற்க வேண்டும். 4-ஆம் நூற்றாண்டின் ராவா என்ற அறிஞர், குறிப்பிட்ட ஒரு பெண்தான் தனக்கு வேண்டும் என்று ஒருவன் கடவுளிடம் மன்றாடுவதைக் கேட்டார். இப்படி வேண்டாதே என்று அவனைத் தடுத்தார். அவள் உனக்கென்று இருந்தால் எங்கும் போகமாட்டாள், இல்லாவிட்டால் கேட்டது கிடைக்கவில்லை என்று கடவுளையே மறுக்கத் துணிவாய் என்றார். கொஞ்ச நாள் கழித்து அதே மனிதன் வேறு வேண்டுதலோடு நின்றான். அவளுக்கு முன் நான் சாக வேண்டும், அல்லது எனக்கு முன் அவள் சாக வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தான். அன்றே நான் சொல்லவில்லையா என்றார் ராவா. அவள் அவனுக்குக் கிடைத்து வாழ்க்கை கசந்ததா, வேறொருவனுக்கு வாழ்க்கைப்பட்டதைப் பார்க்கப் பொறுக்கவில்லையா என்று உரைகாரர்கள் ஆராய்வார்கள். என் கவனம் வேறு இடத்தில் நிற்கிறது. இரண்டு வேண்டுதலும் கடவுளை நோக்கியே போயின. ஒன்றுகூட அவளை நோக்கிப் போகவில்லை. நம் சங்கப் பாட்டில் பனங்கருக்கால் குதிரை செய்து, ஏறி, ஊர் நடுவே தன் காதலை அறிவிக்கும் ஆணும் இவனுக்கு உறவுதான். மடலேறுவேன் என்பது கேட்க வேடிக்கையாக இருக்கும். ஊர் முழுவதையும் கூட்டி ஒரு பெண்ணை நெருக்கும் காரியம் அது. பெண்கள் மடலேறுவதில்லை என்று தொல்காப்பியம் வரையறுத்தது. திருமங்கையாழ்வார்தான் பெண் குரலில் நின்று, திருமாலை நோக்கி மடலேறப்போவதாக இரண்டு திருமடல்கள் பாடி அந்த வரம்பைக் கடந்தார்.

விதி ஒன்றையே வைத்துக் கதை கட்டினால் என்ன ஆகும் என்பதற்குச் சீனத்தில் சான்று இருக்கிறது. தாங் அரச காலத்தில் லி ஃபுயென் எழுதிய கதை. வெய் கு என்ற இளைஞன், நிலா வெளிச்சத்தில் ஏடு புரட்டும் ஒரு கிழவரைச் சந்திக்கிறான். கணவன் மனைவியாகப் போகிறவர்களின் கால்களைச் சிவப்புக் கயிற்றால் கட்டுவது தன் வேலை என்கிறார் அவர். உன் மனைவி அதோ அந்தக் காய்கறிக்காரி இடுப்பில் இருக்கும் குழந்தை என்று காட்டுகிறார். அருவருத்துப்போன வெய் கு, குழந்தையைக் கொல்ல ஆளை ஏவுகிறான். கத்தி புருவ மத்தியில் பட்டுக் குழந்தை பிழைத்துக்கொள்கிறது. பல ஆண்டுகள் கழித்து அவன் மணக்கும் உயர்குடிப் பெண் புருவ மத்தியை அணியால் எப்போதும் மறைத்துக்கொள்கிறாள். அந்தத் தழும்புதான். கிழவர் சொன்னது பலித்தது என்று கதை வியக்கிறது. தன்னைக் கொல்ல ஆள் அனுப்பியவனோடு வாழச் சம்மதமா என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. கயிறு கட்டிய பிறகு கேட்பதற்கு என்ன இருக்கிறது? அழகான கதை, ஆனால் எனக்கு அது பயத்தைத்தான் தருகிறது.

தால்மூதுக்கே திரும்புகிறேன், ஏனென்றால் அங்கே ஒரு வீட்டின் சமையலறை வரைக்கும் நம்மை உள்ளே விடுகிறார்கள். பாபிலோனியாவின் சூரா நகரில் 3-ஆம் நூற்றாண்டில் பெரிய கல்விக்கூடம் நிறுவியவர் ரவ். அவருக்கு மனைவியோடு ஒத்துப்போகவில்லை. துவரம் பருப்பு கேட்டால் கடலை வைப்பார்கள், கடலை கேட்டால் பருப்பு வைப்பார்கள் என்று நம் ஊர்ச் சமையலுக்கு மாற்றிச் சொல்லலாம். மகன் ஹிய்யா வளர்ந்து, அப்பா சொல்லி அனுப்பும் செய்தியைத் தலைகீழாக்கி அம்மாவிடம் சொல்லத் தொடங்கினான். கேட்டது கிடைத்தது. உன் அம்மா திருந்திவிட்டாளே என்று அப்பா மகிழ்ந்தார். நான்தான் மாற்றிச் சொல்கிறேன் என்றான் பையன். பிள்ளையிடமிருந்தும் புத்தி கற்கலாம் என்று ஊரில் சொல்வது சரிதான் என்று ஒப்புக்கொண்டு, ஆனாலும் இனிமேல் அப்படிச் செய்யாதே, நாக்கு பொய்க்குப் பழகிவிடும் என்று தடுத்துவிட்டார் ரவ். வாய்க்குப் பிடித்த சாப்பாட்டைவிட மகனின் வாய்மை பெரிது என்று முடிவு செய்த தகப்பன்.

அதே ஏட்டில் ரபி ஹிய்யா என்ற இன்னொருவர், மகனல்ல, மூத்த அறிஞர். அவர் மனைவியும் அவரை வருத்துவாராம். இவரோ நல்ல பொருள் எது கண்ணில் பட்டாலும் துண்டில் முடிந்து வீட்டுக்கு எடுத்துப்போவார். இப்படி வருத்துகிறவருக்கா என்று ரவ் கேட்டாராம். நம் பிள்ளைகளை வளர்க்கிறார்கள், நம்மைப் பாவத்திலிருந்து காக்கிறார்கள், அது போதாதா என்றார் ரபி ஹிய்யா.

இந்தப் பக்கங்களை வாசித்துவிட்டு, பெண்ணைக் கண்ணால் பார்க்காமல் ஒருவன் மணம் பேசக்கூடாது என்ற விதி யாருடையது என்று தேடுங்கள். ரவ் பெயரில்தான் வருகிறது. சிறுமியாக இருக்கும் மகளைத் தகப்பன் மணம் பேசி முடிக்கக்கூடாது, அவள் வளர்ந்து இன்னாரை விரும்புகிறேன் என்று சொல்லும்வரை காத்திருக்க வேண்டும் என்ற விதி யாருடையது? அதுவும் ரவ் பெயரில்தான். பொருந்தாத வீட்டில் சாப்பிட்ட மனிதர் இவற்றைச் சொன்னார் என்பது தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை. பருப்புக்குக் கடலையும் கடலைக்குப் பருப்புமாக வைத்த அந்தப் பெண்மணியிடம் யாராவது கேட்டிருந்தார்களா? அவர் பெயரைக்கூட ஏடு குறிக்கவில்லை. ரவ் தன் மகள் வயதுப் பெண்களுக்காவது அந்தக் கேள்வி கிடைக்க வேண்டும் என்று எண்ணியிருப்பார் என்றே நான் கொள்கிறேன்.

பெண்ணைக் கேட்க வேண்டும் என்பதற்கு யூதர்கள் காட்டும் மூலச் சான்று ஆதியாகமத்தின் 24-ஆம் அதிகாரம். ஆபிரகாமின் ஊழியர் எஜமானரின் மகனுக்குப் பெண் தேடி 10 ஒட்டகங்களோடு வருகிறார். தனக்குத் தண்ணீர் தந்து ஒட்டகங்களுக்கும் வார்க்கிறவளே கடவுள் குறித்த பெண் என்று கிணற்றடியில் நின்று அடையாளம் வைக்கிறார். ரெபெக்காள் வந்து அப்படியே செய்கிறாள். பயணக் களைப்பில் வந்த 10 ஒட்டகங்களின் தாகம் தணியக் குடம் குடமாக வார்ப்பது சின்ன வேலையில்லை. அடையாளம் பலித்துவிட்டது, அண்ணனும் தகப்பனும் இது கடவுள் காரியம் என்று ஏற்றுவிட்டார்கள், நகையும் துணியும் கொடுத்தாகிவிட்டது. இத்தனைக்கும் பிறகு, மறுநாள் காலையில், பெண்ணைக் கூப்பிட்டு இந்த மனிதரோடு போகிறாயா என்று கேட்கிறார்கள். போகிறேன் என்கிறாள். பிரான்சின் த்ருவா நகரத்தில் 1040 முதல் 1105 வரை வாழ்ந்த பெரிய உரைகாரர் ராஷி, பெண்ணின் சம்மதமில்லாமல் அவளை மணம் செய்து கொடுக்கக்கூடாது என்பதை இங்கிருந்தே கற்கிறோம் என்று எழுதினார்.

அதே ராஷி, அடுத்த அதிகாரத்துக்கு உரை எழுதும்போது ஆண்டுக் கணக்குப் போட்டு, ரெபெக்காளுக்கு அப்போது 3 வயது என்கிறார். 3 வயதுக் குழந்தையின் சம்மதம்! சமய நூல்களைப் படிக்கிறவர்கள் இந்த மாதிரி இடத்தில் கண்ணை மூடிக்கொள்ளக்கூடாது. நல்ல கொள்கையும் அதை வெறுமையாக்கும் கணக்கும் ஒரே பேனாவிலிருந்து வந்திருக்கின்றன. ராஷிக்குப் பின் வந்து, தால்மூதுக்குத் தோசஃபோத் என்ற குறிப்புரை எழுதியவர்கள் நிலைமையை மறைக்காமல் எழுதினார்கள். ரவ் சொன்ன தடை இருக்கத்தான் இருக்கிறது, ஆனாலும் நாங்கள் சிறு பெண்களை மணம் பேசித்தான் விடுகிறோம், நாடற்ற எங்கள் துன்பம் நாளுக்கு நாள் கூடுகிறது, இன்றைக்குச் சீதனம் கொடுக்க வசதி இருக்கிறவனுக்கு நாளைக்கு இருக்குமோ இருக்காதோ என்றார்கள்.

என் பாட்டியின் கல்யாணத்துக்கும் இதே காரணத்தைத்தான் வீட்டில் சொல்வார்கள். காவிரியில் வெள்ளம் வந்து மகசூல் போன வருடம், அடுத்த வருடம் நிலம் கையில் நிற்குமோ என்ற கவலையில், பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்த பெண்ணை எழுப்பி மணையில் உட்காரவைத்தார்களாம். பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று வயதெல்லை வைத்த சாரதா சட்டம் 1929-இல் நிறைவேறி 1930 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பாட்டியின் கல்யாணம் அதற்கு முந்தியது. பாட்டி அதைச் சொல்லும்போது கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், பாட்டியும் சிரிப்பார். முகூர்த்தத்தில் தூக்கம் வந்து மாமியார் மடியிலேயே படுத்துக்கொண்டதுதான் அந்தக் கதையின் உச்சம். வீட்டில் எல்லாருக்கும் பிடித்த கதை. பாட்டி எங்கள் அம்மாவின் கல்யாணத்தை மட்டும் பள்ளிப் படிப்பு முடியும்வரை பேசவிடவில்லை.

சிரிப்பதற்காகச் சொன்னது சட்டமாகிவிட்ட இடமும் உண்டு. தனியாக இருப்பதைவிட யாரோடாவது சேர்ந்து இருப்பதே மேல் என்றுதான் பெண் நினைப்பாள் என்றார் தால்மூத் அறிஞர் ரேஷ் லாகிஷ். அபாயே என்ற இன்னோர் அறிஞர் அதற்கு மெருகு ஏற்றினார். புருஷன் எறும்பு அளவே இருந்தாலும், அவனைக் காட்டிப் பெரிய வீட்டுப் பெண்கள் நடுவே தன் நாற்காலியைப் போட்டுக்கொள்வாள் என்றார். கல்லானாலும் கணவன், புல்லானாலும் புருஷன் என்று நாம் சொல்வதற்கு அங்கே எறும்பு. இதைச் சொன்னவர்கள் ஆண்கள். எந்தப் பெண்ணைக் கேட்டுச் சொன்னார்கள் என்பதற்குக் குறிப்பில்லை. ஆனால் யூதச் சமயச் சட்டத்தில் இது பெண்ணின் இயல்பு பற்றிய அனுமானமாக உட்கார்ந்துவிட்டது. கணவன் மணவிலக்குச் சீட்டு எழுதித் தர மறுத்தால் மனைவி மறுமணம் செய்ய முடியாமல் கட்டுண்டு கிடக்கும் நிலை அந்தச் சட்டத்தில் இருக்கிறது. இப்படிப்பட்டவன் என்று தெரிந்திருந்தால் மணந்தே இருக்கமாட்டேன் என்று அவள் வாதாட வந்தால், எப்படிப்பட்டவனையும் ஏற்பதே பெண்ணின் இயல்பு என்று அந்த அனுமானம் குறுக்கே நிற்கிறது. 1975-இல் அமெரிக்காவின் பெரும் ரபியான யோசேப் சொலவைச்சிக், அந்த அனுமானம் காலத்தால் மாறாதது என்று உறுதியாகச் சொன்னார். 1990-களில் இமானுவேல் ராக்மன் என்ற ரபி, இன்றைய பெண்ணுக்கு அது பொருந்தாது என்று வாதிட்டு, நியூயார்க்கில் அமைந்த ஒரு சமய நீதிமன்றத்தின் வழியாகக் கட்டுண்ட பெண்களை விடுவிக்க முயன்றார். பெரும்பாலான ரபிகள் அவர் தீர்ப்புகளை ஏற்கவில்லை. ராக்மன் பக்கம்தான் நியாயம் என்பது என் துணிபு. பெண் என்ன விரும்புவாள் என்பதை அறிய அவளைக் கேட்பது என்ற வழி இருக்கும்போது அனுமானத்துக்கு என்ன தேவை?

கிரேக்கரின் வேடிக்கையிலும் இதே குறை இருக்கிறது. சாக்ரடீஸின் மனைவி சாந்திப்பே வாயாடி என்று 2400 ஆண்டுகளாகச் சிரிக்கிறார்கள். இவ்வளவு கடினமானவளோடு ஏன் வாழ்கிறீர் என்று கேட்டதற்கு, குதிரையேற்றம் பழக நினைக்கிறவன் முரட்டுக் குதிரையைத்தானே தேடுவான் என்று அவர் விடை சொன்னதாக ஸெனஃபோன் எழுதிவைத்தார். ஆனால் பிளேட்டோவின் 'ஃபைடோ'வில், கி.மு. 399-இல், சிறைக்குள் குழந்தையோடு அமர்ந்திருக்கிறாள் இதே சாந்திப்பே. நண்பர்கள் உள்ளே வந்ததும் அவள் அழுது புலம்புவது தன்னைப் பற்றியில்லை. நண்பர்களும் அவரும் பேசிக்கொள்வது இதுவே கடைசி முறை என்றுதான். கணவனுக்கு எது உயிர் என்று இவ்வளவு சரியாக அறிந்தவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஆன்மாவைப் பற்றிப் பேச உட்கார்ந்தார்கள். அவளும் அந்த உரையாடலில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று என் மாணவிகளைக் கட்டுரை எழுதச் சொல்வேன். நான் கற்பித்த காலத்தில் வாசிக்கக் கிடைத்த மிகச் சிறந்த பக்கங்கள் அந்தக் கட்டுரைகளில்தான் இருந்தன.

இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில், டன்மோ என்ற ஊரின் மடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மணமாகி ஓராண்டும் ஒரு நாளும் கல்யாணத்தைப் பற்றி வருந்தியதே இல்லை என்று, கூர்க்கற்களின்மேல் முழந்தாளிட்டுச் சத்தியம் செய்கிறவனுக்கு உப்பிட்ட பன்றியின் ஒரு பக்க இறைச்சியைப் பரிசாகக் கொடுப்பார்கள். ஏட்டில் முதலில் பதிவான பரிசு 1445-ஆம் ஆண்டினது. பதிந்திருப்பது கணவன் பெயர். மடம் போய்விட்டது, வழக்கம் இன்று லீப் ஆண்டுகளில் ஊர்த் திருவிழாவாக நடக்கிறது. மணமாகாத பெண்கள் ஆறு பேரும் ஆண்கள் ஆறு பேரும் நடுவர்களாக உட்கார, கணவன் மனைவி இருவரையும் வைத்து வக்கீல்கள் குறுக்கு விசாரணை செய்கிறார்கள். இருவரையும் கேட்கிறார்கள் என்பதற்காகவே இந்தத் திருத்தத்தை நான் வரவேற்கிறேன்.

நம்முடைய மரபில் இந்தக் கேள்வியை மிக நுட்பமாகத் தொட்டவர் தொல்காப்பியர். ஊழின் ஆணையால் ஒருவனும் ஒருத்தியும் எதிர்ப்படுகிறார்கள் என்று களவியலில் சொல்கிறார். விதியின் வேலை அங்கே நின்றுவிடுகிறது. அடுத்து, ஒருவர் மனத்தை மற்றவர் ஏற்கிறாரா என்பதைக் கண்கள் பேசித் தெளிய வேண்டும் என்கிறார். சந்திக்கவைப்பது ஊழ், உடன்படுவது இருவர். அந்த 1000 ஜோடிகளின் கதைக்குள் நான் தேடிக் கண்ட கருத்தை அவர் இலக்கணமாகவே எழுதிவைத்திருக்கிறார். பொய்யும் தவறும் தலைகாட்டிய பிறகுதான் பெரியோர் சடங்கை ஏற்படுத்தினார்கள் என்று கற்பியலில் காரணமும் காட்டுகிறார். உடன்பாடே அடிப்படை, சடங்கு அதற்குக் காவல். 1967-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இந்து திருமணச் சட்டத்தில் 7-அ பிரிவைச் சேர்த்தபோது, உறவினர் நண்பர் முன்னிலையில் இருவரும் தங்களுக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னாலே திருமணம் செல்லும் என்றாயிற்று. பக்தியுள்ள பலர் அதைச் சமயத்துக்கு எதிரானதாகப் பார்த்தார்கள். நான் கோயிலுக்குப் போகிறவள்தான். சமயங்கள் சிரிப்புக் கதைகளில் மட்டும் ஒப்புக்கொண்ட உண்மையை அந்தப் பிரிவு வெளிப்படையாகச் சொன்னது என்று நினைக்கிறேன்.

என் பெரியத்தை லால்குடிப் பக்கம் கிராமத்தில் கூலி வாங்காமல் வரன் பார்த்துக் கொடுத்தவர். ஜாதகங்களை மஞ்சள் பையில் போட்டு உத்தரத்தில் மாட்டியிருப்பார். பத்துப் பொருத்தமும் பார்ப்பார், ரஜ்ஜு தட்டினால் தொடமாட்டார். பெண் பார்த்துவிட்டுப் போன மறுநாள் அந்த வீட்டுக்குப் போய், பெண்ணைக் கொல்லைப்புறம் அழைத்துக்கொண்டு போவார். "ஏண்டி குட்டி, அந்தப் பையன் மூஞ்சி ஞாபகம் இருக்கா?" என்று கேட்பார். நிமிர்ந்தே பார்க்கவில்லை என்று அவள் சொன்னால், மறுபடி வரச்சொல்லு, பார்த்துட்டுச் சொல்லட்டும் என்று தகப்பனிடம் வந்து கண்டிப்பாகச் சொல்லிவிடுவார். பார்த்துவிட்டு வேண்டாம் என்றால், கிரகம் சரியில்லை என்று தானே பழி ஏற்று ஜாதகத்தைத் திருப்பி அனுப்புவார். ரவ் பெயரையோ ரெபெக்காள் கதையையோ அத்தை கேள்விப்பட்டதில்லை. பார்க்காமல் மணம் பேசாதே என்று ரவ் ஆணுக்கு விதித்ததைப் பெண்ணுக்கும் விதித்தவர் அவர்.

இன்றைக்கு மஞ்சள் பை இல்லை. கைப்பேசியில் சாதி, உட்பிரிவு, சம்பளம், உயரம் என்று வடிகட்டி, ஒரே இரவில் 1000 பேரை வரிசையில் நிறுத்திவிட முடிகிறது. சீமாட்டிக்கு இருந்த வசதி இப்போது எல்லார் வீட்டுக்கும் வந்துவிட்டது. பெண்ணைப் பெற்றவர்களிடமும் பையனைப் பெற்றவர்களிடமும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். ஜாதகத்தை அனுப்புவதற்கு முன் பிள்ளையிடம் தனியாகக் கேளுங்கள். உறவுக்காரர்கள் கூடியிருக்கும் கூடத்தில் கேட்காதீர்கள், அங்கே யாராலும் உண்மை சொல்ல முடியாது. யோசித்துச் சொல்ல நாள் கொடுங்கள். வேண்டாம் என்று விடை வந்தால், காரணம் கேட்டு மடக்காமல் அதையே விடையாக எடுத்துக்கொள்ளுங்கள்.